கேலிமுறைக்காரன் தூக்கிய கூடை

என் பெயர் தலாத்தா அபுக்ரே. வயது நாற்பத்தாறு இருக்கலாம். நான் பிறந்தது வெட்டுக்கிளி வந்த வருஷம் என்றுதான் என் அம்மா சொல்வாள், அதை வயதாக மாற்றிக்கொண்டவர் சார்ஜண்ட்தான். போல்கதங்காவுக்கு அடுத்த சும்ப்ருங்குவில், காலஞ்சென்ற என் கணவர் அவுனி அபுக்ரேயின் வீட்டில் வசித்து வருகிறேன். கூடை முடைந்து விற்பது தொழில். நான் எங்கள் மொழியில் சொல்ல, கான்ஸ்டபிள் அயம்கா மொழிபெயர்க்க, சார்ஜண்ட் அக்பெகோ எழுதிக்கொள்கிறார். அயம்கா எங்கள் ஃப்ராஃப்ரா இனத்து ஆள். சார்ஜண்ட் கடற்கரைப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஒரு புழுதிக்காலம் கூட முழுசாகப் பார்க்காதவர். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இந்தப் போலீஸ் நிலையத்தில் பூட்டி வைத்திருக்கும் பாயோர் என்கிற ஆளை வெளியே விடச் சொல்வதற்காக நானே நடந்து வந்தேன்.

அவனை நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள் என்றும், சந்தையில் திருடுகிறவர்களுக்கு இந்த வருஷம் ஜெயில் நிச்சயம் என்று மாஜிஸ்திரேட் சொல்லியிருக்கிறார் என்றும் வழியில் பார்த்த அயம்கா சொன்னான். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் நடையை எட்டிப் போட்டேன். நான் பயந்துபோய்ப் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சார்ஜண்ட் நினைக்கிறார். பாயோருக்குப் பயப்படுகிற ஃப்ராஃப்ராக்காரி இன்னும் பிறக்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்றார். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்றேன், எழுதினார்.

அறுவடை முடிந்து வடக்கிலிருந்து புழுதிக்காற்று இறங்கிய பிறகு, ஊருக்கு வெளியே வேப்ப மரங்கள் இருக்கும் மைதானத்தில் வருஷா வருஷம் கைவினைச் சந்தை கூடும். கூடைக்காரிகளுக்கு ஒரு வரிசை, தோல் தைப்பவர்களுக்கு ஒரு வரிசை, பானைக்காரிகள் கடைசியில். எங்களுக்குள் போட்டி உண்டு. ஆனாலும் பக்கத்துக் கடைக்காரி எழுந்து போனால் அவள் சரக்கை நாங்களே விற்றுக் கொடுப்போம், அவள் கடை முன் நிற்கிற ஆளை நம் பக்கம் இழுக்க மாட்டோம். என் பக்கத்துக் கடை லாமிசியுடையது, கைத்தறிச் சட்டை விற்பவள். இன்று காலை புழுதி கனத்துக் கிடந்தது. சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் நிலா மாதிரி ஒன்று வெளுத்துப்போய் நின்றது. எதிர் வரிசை தெரியவில்லை. அங்கிருந்து பேச்சுக்குரலும், யாரோ சுடுகிற காராமணி வடையின் வாசனையும் மட்டும் வந்தன.

என் கடைக் கொம்பில் ஒரு கூடை தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது சார்ஜண்டின் மேஜை மேல் சீட்டுக் கட்டி வைத்திருக்கிற கூடை அதுதான், அடையாளம் காட்டுகிறேன். அது விற்பனைக்கு இல்லை. கூடை முடைவது பெண்கள் வேலை, தோல் கைப்பிடி தைப்பது ஆண்கள் வேலை, நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கூடையில்தான் குடித்தனம் நடத்தினோம். மழைக்காலத்தில் ஒரு நாள் இந்தக் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றார், பிறகு எழுந்திருக்கவில்லை. கைப்பிடி ஒரு பக்கம் தைத்து முடிந்தது, மறுபக்கம் ஊசி குத்தியபடியே நிற்கிறது. வேறு ஆள் தைத்துத் தருகிறேன் என்று கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், நான் எப்படி இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் போன நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். சந்தையில் வழக்கமாக இடத்துக்கு அடித்துக்கொள்வோம், இந்த வருஷம் நல்ல நிழலை எனக்குச் சும்மா விட்டுக்கொடுத்தார்கள். பேரம் பேசுகிறவர்கள் கூட என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியை இவ்வளவு மரியாதையாக நடத்தினால், நாமும் செத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்தது. கை பாட்டுக்குப் புல்லைத் தொடையில் வைத்து முறுக்கிக்கொண்டிருக்கும், நான் எங்கேயோ இருப்பேன். பேசுகிறவர்களின் வாய் பக்கத்தில் அசையும், குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று லாமிசியிடம் ஒரு தடவை கேட்டே விட்டேன், அவள் அழுதுவிட்டாள்.

இன்று காலை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது மைதானத்தின் மேற்கே, புழுதிக்குள் ஒரு ஆள் நடந்து வந்தான். கால் தெரியவில்லை, இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. தோளில் பெரிதாக எதையோ சுமந்து, ஒரு பக்கம் சாய்ந்து வந்தான். என் வீட்டுக்காரர் தோல் மூட்டையைச் சுமந்து வரும்போது அப்படித்தான் சாய்வார். இவ்வளவு தாமதமாக வருகிறாரே, கஞ்சி ஆறிப்போயிருக்குமே என்று நினைத்தேன். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. எழுந்து நின்று, அவர் உட்காருகிற பலகையைத் தட்டிப் போட்டேன். இதை லாமிசியும் பார்த்தாள்.

வந்தது பாயோர். லாவ்ராவைச் சேர்ந்த டகாபா ஆள், வருஷம் தவறாமல் சந்தைக்கு வருபவன். கில் என்கிற வாத்தியம் செய்து விற்பவன். மரச்சட்டங்களை வரிசையாகக் கட்டி, கீழே சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டு, குடுக்கையின் ஓட்டைகளில் சிலந்திக் கூட்டின் மெல்லிய தோலை ஒட்டிவிடுவார்கள், தட்டினால் ஒவ்வொரு சுரமும் ஒரு வண்டைக் கூட்டிக்கொண்டு வரும். அதைத்தான் தோளில் சுமந்து வந்தான்.

டகாபாக்களுக்கும் எங்களுக்கும் கேலிமுறை. இது சார்ஜண்டுக்குத் தெரியாததால் சொல்கிறேன். அவர்கள் எங்களை எது வேண்டுமானாலும் சொல்லலாம், நாங்கள் அவர்களை எது வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருவர் பொருளை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடலாம். பொருளுக்குச் சொந்தக்காரர் கத்த வேண்டும், துரத்த வேண்டும், பிறகு கோழியோ சோளக்கள்ளோ கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். எப்படி வந்தது இந்த முறை என்றால், ஆதியில் ஒரு நாயைச் சமைத்தபோது தலையை யார் தின்றது என்று வந்த சண்டை என்பார்கள். நான் அப்போது இல்லை. இதில் இரண்டு விதிதான். எடுத்தவன் 'இது விளையாட்டு' என்று வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் விளையாட்டு செத்துவிடும். பறிகொடுத்தவர் நிஜமாகக் கோபப்படக் கூடாது, பட்டால் அவர்தான் தோற்றவர். சாவு வீட்டில் இந்த முறைக்கு வேலை அதிகம். கேலிமுறைக்காரர்கள் வந்து செத்தவரின் பாயை இழுப்பார்கள், அவர் மாதிரியே இருமிக் காட்டுவார்கள், அழுகிறவர்களைத் திட்டிச் சிரிக்க வைப்பார்கள். அது நடந்தால்தான் எங்களுக்குச் சாவு முடியும்.

என் வீட்டுக்காரர் சாவுக்கு ஊரில் இருக்கிற டகாபாக்கள் வந்தார்கள், முறைப்படி எல்லாம் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய ஆள் பாயோர்தான். இருவரும் வருஷா வருஷம் ஒருவர் சாமானை ஒருவர் தூக்குவார்கள். ஒரு தடவை பாயோர் வாங்கி வைத்த சோற்றை இவர் தூக்கிப் போய் அவன் கண் முன்னாலேயே தின்றார். லாவ்ராவுக்குப் போகிற லாரிக்காரனிடம் சாவுச் சேதி சொல்லி அனுப்பினோம். அவன் சொன்னானோ, முழுங்கினானோ தெரியாது. பாயோர் வரவில்லை.

இன்று காலை பாயோர் வந்ததும் வழக்கம்போல, "எங்கடி அந்த நாய்க்கறி தின்னி? என்னைக் கண்டதும் ஒளிஞ்சிட்டானா?" என்று கேட்டான். லாமிசி அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "அவுனி போயிட்டாருய்யா, மழைக்காலத்துல," என்றாள். அவன் தோளிலிருந்த கில்லை இறக்கிக் கீழே வைத்தான். வைக்கும்போது குடுக்கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இவனும் இனி என்னிடம் மெதுவாகப் பேசப் போகிறான் என்று நினைத்தேன். எனக்குச் சலிப்பாக இருந்தது.

அதன் பிறகு அவன் என் கடைக்கு வந்து, கொம்பில் தொங்கிய கூடையை எடுத்தான். நான் தட்டிப் போட்ட பலகையில் உட்கார்ந்தான். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, மூக்கால் மூச்சு விட்டு, என் வீட்டுக்காரர் எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்தான். அவர் குரலிலேயே, "தலாத்தா, இந்த விளிம்பு என்னடி உன் பல்லு மாதிரி கோணலா இருக்கு? இதுக்கு நான் எப்படிப் பிடி வைக்கிறது?" என்றான். அவர் இதை எங்கள் வீட்டில் தினமும் சொல்வார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரல்தான். அதன் பிறகு அவன் கைப்பிடியில் நிற்கிற ஊசியைப் பிடித்து, இழுத்து, ஒரு தையல் போட்டான்.

அந்த ஊசியை நான் கூடத் தொட்டதில்லை. அதைத் தொட்டதும் எனக்கு எது முறை, எது கேலி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "வைடா கீழே!" என்று கத்தினேன். அவன் வைக்கவில்லை. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடினான். ஓடிக்கொண்டே, "உன் புருஷன் தலை எங்கிட்ட இருக்குடி! கோழி கொண்டா, இல்லாட்டி உங்க ஊரு நாய்க்கு வித்துடுவேன்!" என்றான். நான் துரத்தினேன். "திருடன், திருடன், பிடிங்க அவனை!" என்று கத்தினேன், அழுதேன்.

இந்த இடத்தில் சார்ஜண்ட் என்னை நிறுத்தி, "அம்மா, நீங்க அழுததை நானே பார்த்தேன். விளையாட்டுக்கு யாராவது அப்படி அழுவாங்களா?" என்று கேட்டார். அழ மாட்டார்கள் என்றேன். அப்படியானால் தெரியாமல் கத்திவிட்டதாக எழுதலாமா என்று கேட்டார். எழுதக் கூடாது. தெரிந்துதான், முழு மனசோடுதான் கத்தினேன். அந்த நேரத்தில் கையில் உலக்கை இருந்திருந்தால் அவன் மண்டையைப் பிளந்திருப்பேன். ஆனால் அது என் தோல்வி, அவன் குற்றமல்ல. அவன் முறை தவறவில்லை, தவறினவள் நான். அதற்கு எங்களிடம் தண்டனை ஒரு பானை சோளக்கள், அதை நான் வைத்துவிடுகிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கத்தியபோது என் குரல் எனக்குப் பக்கத்திலேயே கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்டது, ஒரு ஆடு கத்தியது, என் கால் கல்லில் இடித்து வலித்தது. மழைக்காலத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் வலித்ததாக நினைவில்லை. லாமிசி, "அடி தலாத்தா, உனக்குத் தொண்டை இருக்குதே!" என்று கை தட்டினாள். வரிசையில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள், அதில் என் கோபம் இறங்கிவிட்டது.

அதன் பிறகு வெளியூர் ஆட்கள் சிலர் பாயோரை மடக்கினார்கள். சார்ஜண்ட் அக்பெகோ ஓடி வந்து அவன் கையில் விலங்கு போட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். போலீசும் எங்கள் பக்கம் சேர்ந்து விளையாடுகிறார், கடற்கரைக்காரராக இருந்தாலும் நல்ல மனுஷன் என்று நினைத்தோம். லாமிசிதான், "இறுக்கிப் பூட்டுங்க சார், டகாபாக்காரன் சாவித் துவாரத்துலயே நுழைஞ்சு போயிடுவான்!" என்றாள். அதைச் சார்ஜண்ட் சாட்சியாகக் குறித்துக்கொண்டாராம். லாமிசி அப்படிச் சொன்னது உண்மை, ஆனால் அவளும் ஃப்ராஃப்ராக்காரி, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பாயோரிடம் சார்ஜண்ட் எல்லோர் முன்னாலும், சந்தையில் பேசுகிற உடைந்த இங்கிலீஷில், "திருடினியா?" என்று கேட்டார். பாயோர், "ஆமா, திருடினேன். போன வருஷமும் திருடினேன். விட்டா நாளைக்கும் திருடுவேன். இவ கூட்டம் மொத்தமும் எங்க அடிமைங்க, அடிமை சாமானை எடுக்க யார்கிட்ட கேக்கணும்?" என்றான். இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்கு போட்ட பிறகும் 'இது விளையாட்டு' என்று அவன் சொல்லவில்லை. ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டான். சொன்னால், என் வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டியதைப் பாதியில் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவனுக்காக நான் சொல்கிறேன். நான் சொல்லலாம், ஏற்கெனவே தோற்றவள்தானே.

ஜீப் புழுதிக்குள் போய் மறைந்த பிறகும் நாங்கள் காத்திருந்தோம். அடுத்த வளைவில் இறக்கிவிடுவார்கள், அவன் கோழி கேட்டுக்கொண்டு திரும்பி வருவான் என்று நினைத்தோம். வரவில்லை. அவன் கில் மட்டும் என் கடைக்கு முன்னால் கிடந்தது. அப்போதுதான் லாமிசி சிரிப்பை நிறுத்திவிட்டு, "தலாத்தா, அந்த ஆளுக்கு நம்ம முறை தெரியாதுடி," என்றாள். நான் கில்லை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இங்கே நடந்தேன். வழியெல்லாம் குடுக்கைகளுக்குள் காற்றுப் புகுந்து முனகிக்கொண்டே வந்தது. அது இப்போது நிலைய வராந்தாவில் இருக்கிறது. அதற்கும் சீட்டுக் கட்டிவிட வேண்டாம்.

கான்ஸ்டபிள் அயம்கா முதலிலேயே இதை எல்லாம் விளக்கியிருக்கலாமே என்று கேட்டேன். ஜீப் வந்தபோது அவன் வெளியே போயிருந்தானாம். திரும்பி வந்து லாக்கப்பில் டகாபாக்காரனைப் பார்த்ததும் சிரிப்பு தாங்காமல், "என் பாட்டன் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்துட்டேன்!" என்று கம்பியைத் தட்டித் தட்டி ஆடினானாம். பாயோர் அவனை நாய்க்குட்டி என்றானாம். சார்ஜண்ட் இருவரையும் அதட்டினாராம். சிரித்து முடித்த பிறகுதான் அயம்காவுக்கு விஷயம் உறைத்து, என்னைக் கூட்டிப் போகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தான், வழியில் என்னைப் பார்த்தான். இதை மொழிபெயர்க்க அயம்கா தயங்கினான், சார்ஜண்ட் சொல்லச் சொன்னார்.

கூடை என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று சார்ஜண்ட் சொன்னார். நான் எடுக்க மாட்டேன். கேலிமுறைக்காரன் தூக்கியதை அவன் கையிலிருந்துதான் மீட்க வேண்டும். மேஜையிலிருந்து எடுத்தால் அது வெறும் கூடை. முதலில் அவனை வெளியே விடுங்கள், கூடையை அவனிடம் கொடுங்கள், பிறகு நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன்.

அப்போது லாக்கப்பிலிருந்து பாயோர், "அடியே நாய்க்கறிக்காரி! என்னடி இவ்வளவு நேரமா அளக்குற? என்னை மீட்க வந்தியா, போலீசுக்குப் பொண்ணு பார்க்க வந்தியா? இங்க சோறு நல்லாத்தான் இருக்கு, உன் கஞ்சிக்கு இது தேவலாம்!" என்று கத்தினான். நான், "வாயை மூடுடா கட்டைதட்டி! உனக்குச் சோறு போட்டே இந்த நாடு கடனாளி ஆகப்போகுது!" என்றேன். அவன், "மூடுறேன். உன் புருஷன் எத்தனை தடவை மூடச் சொல்லிக் கெஞ்சியிருப்பான், நீ மூடினியா? அதான் போய்ச் சேர்ந்துட்டான்!" என்றான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. சார்ஜண்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிறிது நேரம் வாக்குமூலம் நிறுத்தி வைக்கப்பட்டது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

அதன் பிறகு அயம்கா இதுவரை எழுதியதை எங்கள் மொழியில் திருப்பிச் சொன்னான். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அழுததையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள், இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், மேற்படி பாயோர் மீது எனக்கு வேறு ஏதாவது புகார் உண்டா என்று சார்ஜண்ட் கேட்டார். உண்டு என்றேன். அவர் மறுபடி பேனாவை எடுத்தார். என் வீட்டுக்காரர் சாவுக்கு இவன் வரவில்லை, நாங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், குழியை மூடுகிற வரைக்கும் பார்த்தோம், அதுதான் புகார் என்றேன். அதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்றும் கேட்டேன். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை அம்மா என்றார். அப்படியானால் அவனை என்னிடம் விட்டுவிடுங்கள், எங்களிடம் இருக்கிறது என்றேன்.

(கையெழுத்து) தலாத்தா அபுக்ரே

மொழிபெயர்த்தவர்: கான்ஸ்டபிள் அயம்கா
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: சார்ஜண்ட் அக்பெகோ. லாக்கப் திறக்கப்பட்டது.